விடியற்காலையில் வரும் மாரடைப்புக்கு ஆபத்து அதிகமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, சுகர் உண்டு. அதிகாலை நான்கு மணி வாக்கில் நெஞ்சு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஏழு மணிக்கு மருத்துவமனைக்குப் போய், ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்து, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, 35 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். வார்டில் ஒருவர் "விடியற்காலை வர்ற அட்டாக் எப்பவுமே பெருசாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, பகலில் வந்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காதா, இனிமேல் காலை நடையை நிறுத்தணுமா, மாத்திரைகளை ராத்திரிக்கு மாற்றணுமா என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தேன். கடிகாரத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தாலும், நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் போன நேரம்தான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். நான் இதய மருத்துவன், பல வருஷமாக இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவான சிசியூவிலும், ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கிற கேத் லேபிலும்தான் வேலை. ஆனால் உங்கள் அப்பாவின் இசிஜியையோ ஆஞ்சியோ படத்தையோ நான் பார்க்கவில்லை. ஆகவே பொதுவாகத் தெரிந்ததைச் சொல்லலாம், அவருக்கு என்ன நடந்தது என்று தீர்ப்பு எழுத முடியாது.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். மாரடைப்பு இருபத்து நான்கு மணி நேரத்திலும் சமமாக வருவதில்லை. காலை ஆறிலிருந்து மதியம் பன்னிரண்டு வரை கூடுதலாக வருகிறது. 1985-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் முல்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் இதை எல்லோரும் ஏற்கும்படி நிறுவியது. இரவு பதினொரு மணியோடு ஒப்பிட்டால், காலை ஒன்பது மணிக்கு மாரடைப்பு தொடங்குவது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. பிறகு பல நாடுகளில் இதே வேலையைச் செய்து பார்த்தார்கள். 1997-இல் முப்பது ஆய்வுகளை, 66,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது காலை நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நேரங்களைவிடச் சுமார் 40 சதவீதம் கூடுதல் என்று வந்தது. திடீர் இதய மரணத்துக்கும் காலையில் ஓர் ஏற்றம் இருந்தது, அது 29 சதவீதம்.

முல்லர் ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. நோயாளி சொன்ன நேரத்தை மட்டும் அவர்கள் நம்பிவிடவில்லை. இதயத் தசை சாகும்போது ரத்தத்தில் கசிகிற சிகே-எம்பி என்ற நொதி 703 பேருக்கு எப்போது ஏறத் தொடங்கியது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்கிட்டார்கள். அவசரப் பிரிவில் வேலை செய்கிற யாருக்கும் இதன் அருமை புரியும். காலை எட்டு மணிக்கு ஒருவர் வருவார். "வலி எப்ப ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்டால், "இப்பதான் டாக்டர், ஆறு மணிக்கு" என்பார். இசிஜி எடுத்துப் பார்த்தால் க்யூ அலைகள் ஆழமாக இறங்கியிருக்கும், பல மணி நேரமாகத் தசை செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் நிற்கிற மனைவி மெதுவாக வாய் திறப்பார்: "ரெண்டு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. வாயுப் பிடிப்புன்னு ஓமவாட்டர் குடிச்சாரு. வேர்வையில பனியனே நனைஞ்சுபோச்சு, மாத்திக்கிட்டுப் படுத்தாரு." வலி தொடங்கியது ரெண்டு மணிக்கு, கேஸ் ஷீட்டில் முதலில் ஏறியது ஆறு மணி. நோயாளியின் வாய்மொழியை மட்டும் வைத்து எடுத்த புள்ளிவிவரங்களில் இப்படி எத்தனை ராத்திரி மாரடைப்புகள் காலைக் கணக்கில் சேர்ந்திருக்கும்! நொதியை வைத்துப் பார்த்தும் காலை ஏற்றம் நின்றது என்பதால்தான் அது உண்மையானது என்று ஏற்றுக்கொள்கிறோம்.

ஏன் காலையில்? தூங்கி எழும்போது உடம்பு வேலைக்குத் தயாராகிறது. விடியும் நேரத்தில் கார்ட்டிசோல் உச்சத்துக்குப் போகிறது. எழுந்து நின்றதும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன, பிபியும் நாடித்துடிப்பும் ஏறுகின்றன, இதயத்துக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அந்த நேரத்தில் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. இதைச் சோதித்தபோது, விழித்த பிறகும் படுத்தே இருந்தவர்களுக்கு அந்த ஒட்டும் தன்மை கூடவில்லை, எழுந்து நடமாடியவர்களுக்குத்தான் கூடியது. ஆகவே அதில் பாதி கடிகாரத்தின் வேலை இல்லை, எழுந்து நிற்பதன் வேலை. இன்னொரு பக்கம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் உடம்பின் சொந்த ஏற்பாட்டைத் தடுக்கிற பிஏஐ-1 என்ற புரதம் காலையில் உச்சத்தில் இருக்கிறது. மங்கலான வெளிச்சத்தில், தூக்க நேரத்தையே மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தபோதும் அது உடம்பின் உள்கடிகாரப்படி காலை ஆறரை மணி வாக்கில்தான் ஏறியது. அது உண்மையிலேயே உள்ளே ஓடுகிற கடிகாரத்தின் வேலை. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதெல்லாம் கடைசித் தள்ளு மட்டுமே. பல வருஷமாகக் கரை அரித்துப் போன ஏரிக்குக் காலையில் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான். சுகர், பிபி, புகை, கொழுப்பு ஆகியவை கரையை அரிக்காமல் இருந்தால் காலை ஆறு மணி யாரையும் ஒன்றும் செய்யாது.

இந்தக் காலை ஏற்றம் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடையாது. முல்லர் ஆய்விலேயே, நாடித்துடிப்பையும் பிபியையும் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையை முன்பிருந்தே சாப்பிட்டு வந்தவர்களிடம் அது காணப்படவில்லை. அமெரிக்க மருத்துவர்களையே வைத்து நடந்த ஆஸ்பிரின் ஆய்வில், ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் காலை மாரடைப்புகள்தான் மற்ற நேரத்தவற்றைவிட அதிகமாகக் குறைந்தன. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்கு நரம்பு பாதிப்பால் இந்த ஏற்றத்தாழ்வு மழுங்கிவிடுகிறது, அவர்களுக்கு எந்த நேரத்திலும் வரலாம். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்குச் சுவர்க் கடிகாரத்தின் ஒன்பது மணிக்குத் தனி அர்த்தம் இல்லை, கண் விழித்த பிறகு வருகிற முதல் சில மணி நேரம்தான் கணக்கு. சமீபத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் திடீர் இதய நிறுத்தங்களைக் கணக்கெடுத்தபோது பழைய ஆய்வுகளில் பார்த்த காலை உச்சமே தென்படவில்லை. மருந்துகள் பரவலானதாலா, வாழ்க்கை முறை மாறியதாலா என்று விவாதம் நடக்கிறது. உங்கள் அப்பா விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: நான்கு மணி என்பது அந்தக் காலை உச்சத்துக்குள்ளேயே வராது. சுகரும் இருக்கிறது. "காலை நேரம் என்பதால் வந்தது" என்ற விளக்கம் அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

இப்போது வார்டில் அந்த ஆள் சொன்னதற்கு வருகிறேன். காலையில் அதிகம் வருகிறது என்பது ஒரு விஷயம், காலையில் வந்தால் சேதம் அதிகம் என்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவதில் சான்றுகள் ஒரே திசையில் போகவில்லை. அவர் சொன்னதற்கு ஆதரவாக 2011-இல் மாட்ரிட்டிலிருந்து வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 811 நோயாளிகள். காலை ஆறிலிருந்து மதியத்துக்குள் தொடங்கிய மாரடைப்பில், மாலை ஆறிலிருந்து நள்ளிரவுக்குள் தொடங்கியதைவிடச் செத்த தசையின் அளவு சுமார் 20 சதவீதம் அதிகம் என்று ரத்தத்தில் ஏறிய நொதிகள் காட்டின. அதற்கு முந்தைய ஆண்டு சுண்டெலிகளை வைத்துச் செய்த பரிசோதனை இன்னும் தெளிவாக இருந்தது. எலி தூக்கத்திலிருந்து விழிக்கும் நேரத்தில் இதய ரத்தக்குழாயைக் கட்டித் திறந்தால், தூங்கப்போகும் நேரத்தில் செய்வதைவிடச் சேதம் மூன்றரை மடங்கு. இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கும் கடிகார மரபணுவைச் செயலிழக்க வைத்தால் அந்த வித்தியாசமே மறைந்துபோனது. அறுவை சிகிச்சையிலும் ஒரு தடயம் உண்டு. பிரான்சின் லீல் நகரில் பெருந்தமனி வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட 596 பேரைப் பார்த்ததில், மதியம் செய்துகொண்டவர்களுக்கு அடுத்த ஒன்றரை வருஷத்தில் இதயச் சிக்கல்கள் காலையில் செய்துகொண்டவர்களைவிடப் பாதி அளவே வந்தன. 2018-இல் வந்த அறிக்கை அது. ஆகவே இதயத் தசை ஆக்சிஜன் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் திறன் நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்ற எண்ணத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது.

ஆனால் எந்த நேரம் மோசம்? இங்கேதான் மனிதர்களிடம் எடுத்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக மறுக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1,031 பேரை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், வலி நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குத் தொடங்கியவர்களுக்கும், ரத்த ஓட்டம் ஐந்து மணிக்குத் திரும்பியவர்களுக்கும்தான் சேதம் அதிகம். சுவிட்சர்லாந்துத் தரவுகளும் நள்ளிரவை ஒட்டிய நேரத்தையே காட்டின. மாட்ரிட் காலை என்கிறது, மற்ற இரண்டும் ராத்திரி என்கின்றன. எலியை நாம் விரும்பின நிமிஷத்தில் கட்டலாம், விரும்பின நிமிஷத்தில் திறக்கலாம். மனிதர்களிடம் எந்த ரத்தக்குழாய் அடைத்தது, அது எவ்வளவு பெரிய பகுதிக்கு ரத்தம் கொடுத்தது, பக்கக் கிளைகள் வளர்ந்து உதவினவா, எவ்வளவு நேரம் கழித்து வந்தார், வலி தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொன்னாரா என்று எத்தனையோ விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ராத்திரி வருகிறவர்களில் தாமதித்து வருகிறவர்கள் அதிகம் என்றால், கடிகாரத்தின் பழியும் தாமதத்தின் பழியும் ஒன்றாகக் குழம்பிவிடும். என் கணிப்பைக் கேட்டால், நேரத்தால் வரும் வித்தியாசம் ஓரளவு உண்மையாக இருக்கலாம், ஆனால் ஒரு தனி நோயாளியைப் பார்த்து "உங்களுக்கு இந்த மணியில் வந்ததால் பெரிதாகிவிட்டது" என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. "எப்பவுமே பெருசாத்தான் இருக்கும்" என்பது தவறு. காலை ஐந்து மணிக்கு வந்து, ஆறரைக்குள் குழாய் திறக்கப்பட்டு, இதயத்தில் தழும்பே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். பகல் பதினொரு மணிக்கு அட்டாக் வந்து, கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்று இருந்து, பாதி இதயத்தை இழந்தவர்களையும் பார்க்கிறோம்.

உயிர் பிழைக்கும் வாய்ப்பு நேரத்தைப் பொறுத்து மாறுமா? இதில் மருத்துவமனைகளின் பங்கு நன்றாக அளக்கப்பட்டிருக்கிறது. ராத்திரியிலும் விடுமுறை நாட்களிலும் கேத் லேப் ஆட்கள் வீட்டிலிருந்து வரவேண்டும். அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில், நோயாளி மருத்துவமனை வாசலைத் தொட்டதிலிருந்து அடைப்பைப் பலூன் விட்டுத் திறக்கும் வரை வேலை நேரத்தில் 95 நிமிடம், மற்ற நேரத்தில் 116 நிமிடம் ஆனது. 2014-இல் சுமார் 19 லட்சம் நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேலை நேரத்துக்கு வெளியே வந்தவர்களுக்குப் பலூன் வரைக்கும் 15 நிமிடம் கூடுதலாகவும், குறுகிய காலத்தில் இறக்கும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றுபோனவர்கள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. 86,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவில், பகலிலும் மாலையிலும் நின்றவர்களில் 19.8 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், ராத்திரியில் நின்றவர்களில் 14.7 சதவீதம்தான். வார்டில் ஆள் குறைவு, நின்றதைக் கவனிக்க ஆகும் நேரம் அதிகம். இதயம் நின்று, நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவியான சிபிஆர் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து சதவீதம் வரை குறைகிறது. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மருத்துவமனையில் ராத்திரி கூடுதலாக ஆவது பதினைந்து, இருபது நிமிடம். வீட்டில் போவது மணிக்கணக்கில். இந்தியாவில் 20,468 மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான கிரியேட் ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை சேர ஆன நேரத்தின் நடுமதிப்பு 360 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிட அதிகம் ஆனது. ஆறு மணி நேரம்! அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை அரை மணி நேரத்துக்குள்ளேயே உள்பக்கமிருந்து சாக ஆரம்பிக்கிறது, ஆறு மணி நேரத்தில் காப்பாற்றக் கூடியதில் பெரும்பகுதி போய்விடுகிறது. 1986-இல் இத்தாலியில் நடந்த ஜிஸ்ஸி ஆய்வு இதை எண்ணில் காட்டியது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற கட்டி கரைக்கும் ஊசியை வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் மரணம் 47 சதவீதம் குறைந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அது 18 சதவீதம்தான். ஒரே ஊசி, ஒரே அளவு.

நம் வீடுகளில் ராத்திரி நெஞ்சுவலிக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. முதலில் வாயு என்று சோடா, அப்புறம் ஜெலுசில், அப்புறம் நெஞ்சில் தைலம். பிள்ளைகளை எழுப்ப மனம் வராது. வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கூச்சம். கடைசியில் "விடியட்டும், பார்க்கலாம்." இந்த வார்த்தையால் போன உயிர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. ராத்திரி மாரடைப்பின் ஆபத்தில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சுகர் உள்ளவர்களுக்கு இது இன்னும் மோசம். அவர்களுக்கு வலியே தெளிவாகத் தெரியாது. காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், வாந்தி, ஒரு மாதிரியான படபடப்பு, அவ்வளவுதான் இருக்கும்.

சரி, உங்கள் அப்பாவின் மூன்று மணி நேரத்துக்கு வருகிறேன். அந்த நேரத்தில் கொஞ்சம் தசை போயிருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அடைபட்டது இடது முன்பக்கக் குழாயின் ஆரம்பப் பகுதி என்றால், ஒரு மணி நேரத்தில் வந்திருந்தாலும் பம்பிங் குறைந்திருக்கக் கூடும். ஆனால் இதையும் கேளுங்கள்: நாட்டின் நடுமதிப்பு ஆறு மணி நேரமாக இருக்கும்போது நீங்கள் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகிப் பலர் மருத்துவமனை வாசலைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள், அவர் அதைத் தாண்டி வந்திருக்கிறார். சுகர் உள்ள ஒருவர் நான்கு மணிக்கு நெஞ்சைப் பிடித்தபோது அது இதயம்தான் என்று உடனே தெரிந்துகொள்ள உங்களுக்கு வழியில்லை. நீங்கள் குற்ற உணர்வோடு இருக்க வேண்டாம்.

அடுத்த முறை என்று ஒன்று வராமல் இருக்கட்டும். வந்தால் என்ன செய்வது என்பதைப் பகலிலேயே, நிதானமாக, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் எந்த மருத்துவமனையில் கேத் லேப் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்று நேரில் போய்க் கேளுங்கள், தயங்க வேண்டாம். கேத் லேப் தூரம் என்றால், இசிஜி எடுத்துக் கட்டி கரைக்கும் ஊசி போடுகிற பக்கத்து மருத்துவமனைக்குப் போவதே நல்லது, பிறகு பெரிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து இப்படி ஒரு வலைப்பின்னலைச் செய்து பார்த்தார்கள். 2,420 நோயாளிகளை வைத்த அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. கிராமத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வலி தொடங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். காத்திருக்கும்போது, ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினைக் கடித்து மென்று விழுங்கலாம். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள், அவரையே வண்டி ஓட்ட விடாதீர்கள். வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: ரத்தக்குழாயை விரிக்கிற சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது பழக்கமாகிவிட்டது. பிபி ஏற்கெனவே குறைந்திருந்தாலோ, இதயத்தின் வலது பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தாலோ, வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தாலோ அது பிபியை அதலபாதாளத்துக்கு இறக்கிவிடும். அவருடைய மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும், உட்காரவைத்துக் கொடுங்கள்.

மாத்திரை நேரம், நடை இரண்டுக்கும் சுருக்கமாகச் சொல்லலாம். பிபி மாத்திரையை ராத்திரி போட்டால் மாரடைப்பு குறையும் என்று சில வருஷங்களுக்கு முன் ஒரு ஸ்பானிய ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது, அதன் முறையைப் பற்றி நிறையக் கேள்விகளும் எழுந்தன. பிறகு பிரிட்டனில் 21,104 பேரைக் காலை, மாலை என்று குலுக்கல் முறையில் பிரித்து ஐந்து வருஷத்துக்கும் மேல் கவனித்த டைம் ஆய்வு 2022-இல் வந்தது. மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ மரணத்திலோ வித்தியாசம் இல்லை. ராத்திரி ஆஸ்பிரின் எடுத்தால் காலையில் தட்டணுக்களின் ஒட்டும் தன்மை குறைகிறது என்பது காட்டப்பட்டிருக்கிறது, அதனால் மாரடைப்பு குறைகிறது என்பது இன்னும் காட்டப்படவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரமே சரியான நேரம், ஸ்டென்ட் வைத்தவருக்கு ஒரு நாள் விட்டுப்போவதுதான் ஆபத்து. தூங்கும் முன் தண்ணீர் குடித்தால் மாரடைப்பு வராது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை, பம்பிங் குறைந்த உங்கள் அப்பா மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டித் தண்ணீர் குடிப்பது கெடுதல். காலை நடையைப் பொறுத்தவரை, இதய நோயாளிகளுக்கான கண்காணிப்போடு கூடிய உடற்பயிற்சியைக் காலையிலும் மதியத்திலும் ஒப்பிட்டபோது ஆபத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. எழுந்ததும் ஓடாமல், அரை மணி நேரம் உட்கார்ந்து, மாத்திரை போட்டு, மெதுவாகத் தொடங்கட்டும். எவ்வளவு தூரம் என்பதை அவருடைய மருத்துவர் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்த 35 சதவீதம். மாரடைப்பு வந்த சில நாட்களில் எடுத்த எக்கோ இறுதிக் கணக்கு இல்லை. ரத்தம் திரும்பிய தசையில் ஒரு பகுதி சாகாமல், அதிர்ச்சியில் சுருங்க மறந்து கிடக்கும். அது வாரக்கணக்கில் மெல்ல மீண்டு வரும். பீட்டா பிளாக்கர், ஏசிஇ தடுப்பான் அல்லது அதன் புதிய வகை, ஸ்பைரனோலாக்டோன் போன்ற ஒன்று, சுகருக்கும் இதயத்துக்கும் சேர்த்து வேலை செய்கிற டாபாக்ளிஃப்ளோசின் வகை ஆகிய மருந்துகளில் அவருக்கு எவை எழுதியிருக்கிறது, எவை இல்லை, ஏன் இல்லை என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். சிறுநீரகமும் பிபியும் இடம் கொடுக்கிற அளவுக்குத்தான் அளவைக் கூட்டுவார்கள், அதில் அவசரப்பட வேண்டாம். ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆனதும் மறுபடி எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் 35-க்கு மேல் ஏறவில்லை என்றால், துடிப்பு தாறுமாறானால் தானே ஷாக் கொடுத்துச் சரிசெய்கிற ஐசிடி கருவி தேவையா என்ற பேச்சு வரும், அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டியதில்லை. அதுவரை அவர் மயங்கி விழுந்தாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, மணி என்ன என்று பார்க்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.